மருந்துக்கொட்டாய் காத்தாயி

காத்தாயி நிற்கும் இடத்தில் நெருப்பு பிடிக்காது. பனஞ்சேரி தெற்குத் தெருவில் உத்திராபதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாள் காலையில் இது தெரியவந்தது. மாமியார் புது மருமகளை அடுப்பு மூட்டச் சொன்னாள். காய்ந்த பனைமட்டை, காய்ந்த வறட்டி, புதுத் தீப்பெட்டி என்று எதிலும் குறையில்லை. குச்சியை உரசினாள், பெட்டியில் தடம் விழுந்தது, நெருப்பு மட்டும் வரவில்லை. மாமியார் பெட்டியைப் பிடுங்கித் தானே உரசிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்சத்திடம் போய் ஒரு கொள்ளிக்கட்டை வாங்கிவந்தாள். வாசல் வரைக்கும் கனன்றுகொண்டு வந்த கட்டை, காத்தாயியின் பக்கத்தில் வந்ததும் ஆற்றில் முக்கி எடுத்தது மாதிரி கறுத்துப்போயிற்று. புகைகூட இல்லை. அவள் தண்ணீருக்குப் போன சமயத்தில் அதே அடுப்பு அதே மட்டையில் குபுகுபுவென்று பற்றிக்கொண்டது. அந்தத் தெருவுக்கு அதற்கு முன்பும் பல விதமான மருமகள்கள் வந்திருக்கிறார்கள். அதனால் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. உலை வைக்கும் நேரத்தில் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டால் போயிற்று என்றார்கள்.

பிறந்த வீட்டில் இப்படி ஒன்றும் இருந்ததில்லை. அங்கே வீட்டுக்கே அவள்தான் பொங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாகப் பெரிய மிராசு வீட்டு வாசலில் விழுந்து எழுந்தபோது, மிராசு அவளை மேலும் கீழும் பார்த்து, "நாளைலேருந்து இவளும் களத்துக்கு வரட்டும்" என்றார். பனஞ்சேரி நிலம் முக்கால்வாசி அவருடையது. குடிசை போட்டிருந்த மண்ணும் அவருடையது. அதனால் அது உத்தரவு. அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து உடம்புக்குள் ஏதோ ஒன்று உட்காரமாட்டேன் என்று நின்றுகொண்டே இருக்கிறது என்று காத்தாயி புருஷனிடம் சொன்னாள். உத்திராபதிக்கு அது புரிந்தது. அவனுக்கும் சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஆனால் அவனுக்குப் பீடி பற்றியது, இவளுக்குப் பற்றவில்லை.

அவளைச் சுற்றி நெருப்பு அணைகிற தூரமும் ஒரே அளவாக இருக்கவில்லை. மனசு லேசாக இருக்கும் நாளில் கை நீட்டும் தூரத்திலேயே சிமினி விளக்கு எரியும். மாமியார் ஏதாவது சொல்லிவிட்டாளானால் வீடு முழுக்க இருண்டுபோகும். சில நாள் அம்சம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "ஏ காத்தாயி, அழுவுறியா என்ன? எங்கூட்டு அடுப்பும் அணைஞ்சுபோச்சுடி" என்பாள். அம்சம் பொல்லாதவள் இல்லை. பிள்ளைகள் பசியில் கத்தும்போது அவள்தான் என்ன செய்வாள்? "செத்த நேரம் ஆத்தங்கரப் பக்கம் போயிட்டு வாடி. சோறு கொதிச்சதும் குரல் குடுக்குறேன்" என்பாள். அப்படியே குரலும் கொடுப்பாள். உத்திராபதி ஆறின சோற்றை மனைவியோடு உட்கார்ந்து தின்பான். பீடி நினைப்பு வந்தால் வாய்க்காலைத் தாண்டிப் போய்ப் பிடித்துவிட்டு வருவான்.

ஆற்றங்கரையில் நடந்து நடந்துதான் காத்தாயி மருந்துக்கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தாள். வெடிமருந்து அரைக்கிற அந்தக் கொட்டாய், இப்போதைய முதலாளி மீரா சாகிப்பின் பாட்டனாருக்குத் தகப்பனார் கட்டியது. வெள்ளைக்காரன் ஆறுகளுக்கு மதகும் பாலமும் போட்ட காலத்தில், மலைச்சீமையில் பாறை உடைக்க அங்கிருந்து மருந்து வண்டி வண்டியாகப் போயிருக்கிறது. பிற்பாடு பாறைக்கு வேறு மருந்து வந்துவிட்டது. கொட்டாய் கோயில்களுக்கும் தர்கா கந்தூரிகளுக்கும் வேட்டு மருந்து அரைக்க ஆரம்பித்தது. திருவிடைமருதூர் தைப்பூசத்தில் கேட்ட அதிர்வேட்டு பாதிக்குமேல் இந்தக் கொட்டாய் மருந்து. வெடியுப்பு, கந்தகம், எருக்கங்கரி மூன்றையும் தனித்தனியாக இடித்துச் சலித்து, ஈரம் காட்டி, கல் செக்கில் போட்டு அரைப்பார்கள். செக்கு மாட்டுக்கு லாடம் கிடையாது. ஆட்களுக்குச் செருப்பு கிடையாது. பெண்கள் மெட்டியைக் கழற்றி வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கூரையெல்லாம் கீற்றுதான், வெடித்தால் லேசாகப் பறந்துபோகட்டும் என்று. அந்தக் குடும்பத்தில் கொட்டாய் வெடிக்காத தலைமுறையே இல்லை. மீரா சாகிப்பின் அப்பாவை அள்ளித்தான் அடக்கம் செய்தார்கள்.

காத்தாயி கரைமேல் நடந்து போன அன்று, வேலைக்குப் புதுசாகச் சேர்ந்த ஆள் ஒருவன் மரத்துடுப்புக்குப் பதிலாக இரும்பு மண்வெட்டியை எடுத்துவிட்டான். மண்வெட்டி கல்லில் பட்டுப் பொறி பறந்து மருந்துக்குள் விழுந்தது. செக்கு ஓட்டிக்கொண்டிருந்த மூஸா, மீரா சாகிப், கரி இடித்த பெண்கள் எல்லாரும் தரையில் குப்புற விழுந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மாடு மட்டும் சுற்றி வந்துகொண்டிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது கரையில் ஒரு பெண் நின்று இவர்கள் ஏன் இப்படிப் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். மீரா சாகிப் அவளைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். ஆள் அனுப்பித் தீப்பெட்டி வாங்கிவரச் செய்து, அவள் பக்கத்தில் நின்று பெட்டி முழுவதையும் உரசித் தீர்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார்.

"இங்க வேலைக்கு வர்றியாம்மா? சும்மா வந்து ஒக்காந்திருந்தாப் போதும்."

"சும்மா ஒக்கார எனக்கு வராதுங்க மொதலாளி. வேலை இருந்தாச் சொல்லுங்க, வர்றேன்."

அப்படி ஆரம்பித்த வேலை. காலையில் கொட்டாய்க்கு வந்து மெட்டியைக் கழற்றி வைத்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவள் நின்று யாரும் பார்த்ததில்லை. கரி சலித்தாள், உப்பு காய்ச்சும் நேரம் மட்டும் தள்ளிப் போய் ஆற்றில் தண்ணீர் சுமந்தாள், செக்கின் பின்னாலேயே நடந்து மருந்துக்கு ஈரம் தெளித்தாள், குருணையாக்கிய மருந்தை மணல்திட்டில் பாய் விரித்துக் காயவைத்துக் கிண்டிவிட்டாள். வேர்வை கறுப்பாக வந்தது. சோற்றில் வெடியுப்புக் கரித்தது. கந்தக வாசனை துணியை விட்டுப் போகவேயில்லை. உத்திராபதி இருட்டில்கூட அதை வைத்தே அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொள்வான். மருந்தைச் சோதிக்கிற நாளில் அவளுக்கு லீவு. நன்னிலம் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். அவள் அரைத்த மருந்து ஆகாசத்தில் பூப்பதை அவள் பார்த்ததில்லை, போனால் பூக்காது. மிராசுக்கு மட்டும், களத்துக்கு வரச் சொன்ன பெண் சாயபு கொட்டாய்க்குப் போகிறாளே என்று இருந்தது. அவர் அதை மறக்கவில்லை.

சில வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. தையநாயகி என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மத்தியானம் பூவரச மர நிழலில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். பிள்ளை குடித்தபடியே தூங்கிற்று. காற்று நன்றாக இருந்தது. காத்தாயிக்கு முதல் தடவையாக எங்கேயும் எழுந்து போகவேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நேரத்தில்தான் செக்குக் கொட்டாய் வெடித்தது. கூரை பறந்து ஆற்றில் விழுந்தது, மாடு செத்துப்போயிற்று, மூஸாவுக்கு இடது கை முழங்கையோடு போயிற்று. மீரா சாகிப் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, பூவரச மரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்த தடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் புத்திசாலி. விஷயம் பிடிபட்டுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில் ஏதாவது ஒன்று சொல்ல ஆரம்பித்தார். தெற்குத் தெருவில் யாருக்கோ வாந்திபேதியாமே, பிள்ளை மூச்சு கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருக்கே, மிராசு ஆள் ஒருத்தன் உத்திராபதியை விசாரித்துக்கொண்டு போனானாமே என்று. சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். அவர் கொட்டாயில் அத்தனை பேர் உயிர் இருந்தது, என்ன செய்வார் பாவம். கொஞ்ச நாள் காத்தாயி பதறிப் பதறி ஓடினாள். பிறகு ஒரு நாள் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள்.

"மொதலாளி, நீங்க பொய் சொல்லிச் சிரமப்பட வேணாம். கவல எங்கிட்டயே நெறைய இருக்கு. ஒங்களது வேற எதுக்கு?"

மீரா சாகிப்புக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாளிலிருந்து அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் கொட்டாயில் உட்காரவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுப்பதைக்கூட நடந்துகொண்டே கொடுத்தாள்.

கோட்டையில் ஆட்சி மாறிய வருஷம் பனஞ்சேரி டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கொடி ஏறிற்று. ரூபாய்க்குப் படியரிசி என்று பேசிக்கொண்டார்கள். மிராசும் பழைய கதர்த் துண்டை மடித்து வைத்துவிட்டுப் புதுக் கரை வேட்டிக்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து போட்டார். ஆட்சி மாறினாலும் களத்தில் அளக்கிற மரக்கால் மாறவில்லை. தெற்குத் தெரு ஆட்கள் அறுவடைக் கூலியில் அரைப் படி நெல் கூடக் கேட்டார்கள். தெரு முனையில் செங்கொடி ஏறியது, ஏற்றியவன் உத்திராபதி. சம்பா கதிர் சாய்ந்து நின்றபோது ஒருத்தரும் அரிவாள் எடுக்கவில்லை. மிராசு வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார், தெரு ஆட்கள் வரப்பில் மறித்துப் படுத்தார்கள். போலீஸ் வந்து உத்திராபதியையும் சிலரையும் பிடித்துக்கொண்டு போயிற்று. அதோடு, தெருவைக் கொளுத்திவிடப் போகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பிற்று. பக்கத்து ஊர்களில் கூரைகள் எரிந்துகொண்டிருந்த காலம் அது. ஆகவே அதை வெறும் பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

உலை வைக்கும் நேரத்தில் அவளை வெளியே போகச் சொன்ன தெரு இப்போது அவளைச் சுற்றி நின்றது. அம்சம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கயும் போவாத காத்தாயி. சோறு வேணாம், பச்சத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்குறோம். நீ இங்கயே இரு." கொட்டாயிலோ தைப்பூசத்துக்கு வேண்டிய மருந்து முழுவதும் பாயில் காய்ந்துகொண்டிருந்தது, காய்கிற மருந்துதான் பொல்லாதது, சின்னப் பொறி போதும். மீரா சாகிப் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஒரு கை இல்லாத மூஸாவை மட்டும் கரைவரைக்கும் அனுப்பி நிற்க வைத்தார். காத்தாயி இரண்டு பக்கமும் ஓடினாள். விடிந்ததும் கொட்டாய், வெயில் ஏறினால் தெரு, பிறகு மறுபடி கொட்டாய், மறுபடி தெரு. இடுப்பில் தையநாயகி. ஓட ஓட நெருப்பு அணைகிற தூரமும் பெருகிக்கொண்டே போயிற்று. நடுவில் இருந்த டீக்கடை முதலில் மூடிற்று. பிறகு மிராசு வீட்டு அடுப்பு. பிறகு அடுத்த ஊர் ஓட்டல். பஸ் டிரைவர்கள் பனஞ்சேரி எல்லை வரும் முன்பே பீடியைப் பிடித்து முடித்துக்கொண்டார்கள். அந்த நாட்களில் தீப்பந்தத்தோடு வந்தவர்கள் எல்லாரும் வெறும் கம்போடு திரும்பினார்கள். மிராசு அவர்களைத் திட்டவில்லை. கொட்டாய் வெடித்த கதை ஊரறிந்தது. பூவரச மரத்தடிக் கதையையும் அவர் விசாரித்து வைத்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மிராசின் காரியக்காரர் கல்யாணம் என்பவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஐயா எறங்கி வந்துட்டாங்க. அரைப் படி கூடத் தர்றதுன்னு கையெழுத்தே போட்டாச்சு. கேசையும் வாபஸ் வாங்கியாச்சு. ஆம்பளைங்க எல்லாரும் அருவாள எடுத்துக்கிட்டு வாங்க, கதிரு கொட்டிப் போவுது" என்றார். யாரும் நம்பவில்லை. ஆனால் அவருக்குப் பின்னாலேயே, முகத்தில் வீக்கத்தோடு, உத்திராபதி கரைமேல் நடந்து வந்தான். அவனைப் பார்த்ததும் தெரு நம்பிவிட்டது. ஆண்கள் வயலுக்குப் போனார்கள். உத்திராபதியை மட்டும், அடி வாங்கிய உடம்பு, இன்றைக்குப் படுத்துக்கொள் என்று விட்டுவிட்டுப் போனார்கள்.

காத்தாயி அவனை உட்காரவைத்து முகத்தைக் கழுவிவிட்டாள். அடுப்பின் பக்கத்தில் பழக்கதோஷத்தில் தீப்பெட்டி இருந்தது. எடுத்து உரசினாள். பற்றிக்கொண்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் வாசலிலிருந்து ஓடிவந்து பார்த்துவிட்டு, பத்திரப்படுத்தி வைத்திருந்த நல்ல விறகை எடுத்துக் கொடுத்தாள். காத்தாயி கெண்டைமீன் குழம்பு வைத்தாள். இத்தனை வருஷத்தில் புருஷனுக்கு அவள் கையால் ஆக்கிப் போட்ட முதல் சுடுசோறு அது. அவன் ஊதி ஊதித் தின்றான். "நாக்கு சுட்டுப்போச்சு புள்ள" என்று சிரித்தான். அவனுக்கு உதடு கிழிந்திருந்ததால் சிரிக்கும்போது வலித்தது. இருந்தாலும் சிரித்தான். அடுப்புச் சூட்டில், வயிறு நிறைந்து, நடுக்கம்பத்தில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். பட்டப்பகல். தெருவில் பெண்களும் பிள்ளைகளும் கிழடுகளும்தான் இருந்தார்கள்.

மிராசின் ஆட்கள் பந்தங்களோடு வாய்க்கால் கரை வழியாக வந்தார்கள். தெருக் கோடியில், அந்த வருஷம்தான் பழைய இடத்துக் குடிசையைப் பிரித்துப் புதுசாகக் கட்டிப் போயிருந்த அம்சத்தின் வீடு முதலில் இருந்தது. அம்சம் காய்ச்சலில் உள்ளே படுத்திருந்தாள். கூரை நன்றாகக் காய்ந்த வைக்கோல். புகை நாற்றம் மூக்கில் ஏறியதும் காத்தாயி விழித்தாள். அவள் போட்ட சத்தம் கொட்டாயில் மூஸாவுக்குக் கேட்டதாகச் சொல்வார்கள். அந்தச் சத்தத்தோடு அம்சத்தின் கூரையில் எரிந்த நெருப்பு அப்படியே நின்றுபோயிற்று; ஆட்கள் கையில் இருந்த பந்தங்கள் அணைந்தன. உத்திராபதி கதவை உடைத்து உள்ளே போய் அம்சத்தைத் தூக்கிவந்து வெளியே கிடத்தினான். உயிர் இல்லை. காத்தாயி அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "நான் தூங்கிட்டேன்டி, நான் தூங்கிட்டேன்டி" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை தொட்டுக் கும்பகோணம் எல்லைவரை எங்கேயும் நெருப்பு இல்லை. ஜனங்கள் அவலை நனைத்துத் தின்றார்கள். ரயில் எஞ்சினின் உலை அணைந்து, ரயில் வயல் நடுவில் நின்றது. கரண்டு பல்பு மட்டும் எரிந்தது. அதில் இருப்பது நெருப்பு இல்லை என்று ஊரார் விளக்கம் சொன்னார்கள். மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி, இது கடல்காற்றின் ஈரம் என்று எழுதிக்கொண்டு போனார். அம்சத்துக்கு வைத்த சிதை பிடிக்கவில்லை. தான் தொலைவில் போனாலாவது பிடிக்கும் என்று காத்தாயி தெற்கே நடந்து நடந்து கோடிக்கரை உப்பளம்வரை போய் நின்றாள். அங்கேயும் அவள் மனசு அவளோடுதான் வந்திருந்தது. கடைசியில் அம்சத்தை ஆற்றங்கரையில் புதைத்தார்கள். ஒரு மாசத்துக்குப் பிறகுதான் மற்ற ஊர்களில் ஒவ்வொன்றாக அடுப்பு எரியத் தொடங்கிற்று.

கேஸ் நடந்தது. மிராசு தரப்பில் பெரிய வக்கீல் வந்திருந்தார். அவர் சாட்சிகளை அதிகம் குறுக்கு விசாரணை செய்யவில்லை. காத்தாயியைக் கூண்டில் ஏறச் சொல்லிவிட்டு, ஒரு தீப்பெட்டியை எடுத்து உரசினார். பிடிக்கவில்லை. டவாலிச் சேவகனிடம் கொடுத்து உரசச் சொன்னார். கடைசியில் ஜட்ஜே கைநீட்டி வாங்கி உரசிப் பார்த்தார். பிறகு வக்கீல் சாவகாசமாகச் சொன்னார்: "இந்த அம்மா இருக்கற எடத்துல ஒரு தீக்குச்சி பிடிக்கலைங்கறது கனம் கோர்ட்டாரே பார்த்தது. அப்படியிருக்க, இவங்க தெருவுல தீப்பந்தம் எரிஞ்சுது, கூரை எரிஞ்சுதுன்னா எப்படி? எரியவே முடியாத எடத்துல என் கட்சிக்காரர் எப்படிங்க நெருப்பு வைக்க முடியும்?"

தெருவுக்காக வாதாடிய வக்கீல் இளம்பிள்ளை. கூண்டுக்குப் பக்கத்தில் வந்து காத்தாயியிடம் குரலைத் தாழ்த்தி, "அம்மா, ஒரே ஒரு குச்சி போதும். கொஞ்சம் மனச நிம்மதியா வச்சுக்குங்க. எதாவது நல்லதா நெனச்சுக்குங்கம்மா" என்று கெஞ்சினான். காத்தாயி கண்ணை மூடினாள். அவளுக்கு நல்லதாக நினைத்துக்கொள்ள மீன் குழம்பு வைத்த அந்தக் காலைப்பொழுதைவிட வேறு என்ன இருந்தது? அதை நினைத்தாள். உத்திராபதி சோற்றை ஊதியது வந்தது; அதோடு ஒட்டிக்கொண்டு அம்சத்தின் கரிந்த தலைமுடியும் வந்தது. வெளியே கோர்ட்டு வாசல் டீக்கடையில் அடுப்பு அணைந்தது. மிராசுக்கு விடுதலை.

அதன் பிறகு அவள் நடை மாறிற்று. கொட்டாய்க்கும் தெருவுக்கும் போய் வந்தவள், இப்போது போகும்போதும் வரும்போதும் மிராசு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். சாபம் விடவில்லை, மண் வாரித் தூற்றவில்லை, ரோட்டை விட்டு இறங்கவும் இல்லை. ஏன் அந்தப் பக்கம் போகிறாய் என்று உத்திராபதி கேட்டதற்கு, "நான் போவல, காலு போவுது" என்றாள். அந்தப் பெரிய வீட்டில் காப்பி காய்ச்ச முடியவில்லை. சாமி விளக்கு நிற்கவில்லை. நன்னிலத்திலிருந்து அடுக்கில் வந்த சாப்பாடு, காரில் வந்தும், ஆறித்தான் வந்தது. சமையல்காரர்கள் ஒவ்வொருவராகச் சொல்லாமல் போனார்கள். காரியக்காரர் கல்யாணம் வயிற்றுவலி என்று மகன் வீட்டுக்குப் போனவர் திரும்பவேயில்லை. போலீசில் சொல்லலாம்தான். ஆனால், எங்கள் ஊரில் அடுப்பு எரியாமல் இந்தப் பெண் செய்கிறாள் என்று மிராசு எப்படிப் புகார் கொடுப்பார்? கொடுத்தாலும் தெரு எரிய முடியாது என்று தீர்ப்பு வாங்கியவர் அவர்தானே. மருந்துக்கொட்டாய்க்கு மட்டும் அந்த வருஷங்களைப்போலப் பத்திரமான வருஷங்கள் வாய்த்ததில்லை.

மிராசின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண்ணை அந்த வீட்டில் வைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று அவருக்குப் பிடிவாதம். பரம்பரையாக அந்தக் கூடத்தில்தான் ஹோமம் வளர்த்திருக்கிறார்கள். தட்டு மாற்றிய அன்று குத்துவிளக்கு மூன்று தடவை ஏற்றியும் நிற்காததைப் பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டார்கள். அடுத்த வாரம் ஒரு நாள் வெயிலில் மிராசு தனியாகத் தெற்குத் தெருவுக்கு நடந்து வந்தார். அவர் பாதம் அந்தத் தெருவில் படுவது அதுதான் முதல் தடவை. எந்தக் குடிசை என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார். காத்தாயி வெளியே வந்தாள். தெரு வழக்கப்படி ஆண்டே என்று கூப்பிடவில்லை.

"என்ன வேணும், சொல்லுங்க."

"நிலமாக் கேட்டாலும் தர்றேன், மனைக்கட்டுப் பட்டாவாக் கேட்டாலும் தர்றேன். இந்த நடைய நிறுத்திக்க காத்தாயி."

"சட்டம் வந்துருச்சு, மனைப் பட்டா தானா வரும்ங்கறாங்க. நீங்க என்னத்தத் தர்றது? அம்சத்து வீட்டுக்கு யாரு நெருப்பு வச்சதுன்னு சொல்லுங்க. கோர்ட்டுல வேணாம். இங்க சொல்லுங்க. இவங்களுக்குக் கேக்குற மாதிரி."

வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அம்சத்தின் புருஷன் நின்றான், பிள்ளைகள் நின்றார்கள். மிராசு துண்டால் முகத்தைத் துடைத்தார். "நான்தான் வைக்கச் சொன்னேன்" என்றார். பின்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை என்று உத்திராபதி சொன்னான். மிராசு இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். அம்சத்தின் புருஷன் அப்படியே குந்தி உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டு அழுதான். இத்தனை நாள் அவன் அழுது யாரும் பார்த்ததில்லை. மிராசு மடியிலிருந்து தீப்பெட்டி ஒன்றை எடுத்து, காத்தாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே உரசினார். பிடிக்கவில்லை. இன்னொன்று உரசினார்.

காத்தாயிக்கே அது ஏமாற்றமாக இருந்தது. "சொன்னா ஆறிப்போவும்னுதான் நானும் நெனச்சேன். ஆற மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "கல்யாணத் தேதிய யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க. அந்தப் பொண்ணு ஒரு பாவமும் பண்ணல. நான் அன்னிக்கு வேதாரண்யம் பக்கம் போயிடுறேன்" என்றாள். மிராசு திரும்பி நடந்தார். வரும்போது இருந்த உயரம் போகும்போது இல்லை என்று அன்றைக்குத் தெருவில் நின்றவர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

சொன்னபடி அவள் தையநாயகியைக் கூட்டிக்கொண்டு முதல்நாளே கிளம்பினாள். கடலில் பிள்ளையை நனையவிட்டாள். அதே முகூர்த்தத்தில் மிராசு வீட்டுக் கூடத்தில் ஹோமம் நன்றாக எரிந்தது. அடுத்த குறுவைக்குள் மிராசு நிலத்தை விற்றுவிட்டு மெட்ராஸ் பக்கம் போனார். கொஞ்சம் நில உச்சவரம்புச் சட்டத்தில் போயிற்று, கொஞ்சம் குத்தகைக்காரர்களிடம் நின்றது. தெற்குத் தெருவுக்கு மனைப் பட்டா வந்தது. மீரா சாகிப் மௌத்தாகி அடக்கமான பிறகு மூஸா கொட்டாயை நடத்தினான். காத்தாயிக்குத் தலை நரைத்தது, கரித்தூள் படிந்து நரையும் தெரியவில்லை. அவள் நடை நிற்கவில்லை. மருந்துப் பாயைக் கிண்டிவிட்டு வந்து தெருவை ஒரு சுற்று, மறுபடி கொட்டாய்.

அந்தப் பக்கத்து ஊர்களில் இப்போது நல்லது கெட்டதுக்கு நாள் குறிப்பவர்கள் பஞ்சாங்கம் பார்த்து முடித்ததும், காத்தாயி அன்றைக்கு எந்தப் பக்கம் நடக்கிறாள் என்று ஒரு ஆளை அனுப்பிக் கேட்டுக்கொள்கிறார்கள். அவள் கல்யாணமா கருமாதியா என்று விசாரிப்பாள், பெண் யார், மாப்பிள்ளை யார், செத்தது யார் என்று கேட்பாள். பிறகு, "சரி, நான் வடக்கால போயிக்கிறேன், நீங்க பாருங்க" என்று சொல்லி அனுப்புவாள்.